பின்பனியில் ஒரு பாலைவழி

பாலைத்திணைக்குரிய பெரும்பொழுது யாது என வினவினால், வேனில் என்று மாணவர் உடனே விடையிறுப்பர். பின்பனியும் அதற்குரியதே எனத் தொல்காப்பியர் வகுத்திருப்பதைப் பலர் மறந்துவிடுவர். வகுப்பறையில் பல்லாண்டு இதனை எடுத்துரைத்த நாங்கள் இருவரும், வரும் மாசித் திங்களில் மெய்யாகவே ஒரு பாலைவழிச் செல்ல ஆயத்தமாகி வருகிறோம். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் பணிபுரியும் எங்கள் மகனும் மருமகளும் உடன் வருகின்றனர்.

செல்லவிருப்பது ‘ஆர்.வி.’ எனப்படும் வாடகை ஊர்தியில். படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை யாவும் அதனுள் அடங்கும். சக்கரம் பூட்டிய சிறு வீடு எனலாம். கோடையில் அப்பாலை மனிதரை அண்டவிடாது. டெத் வேலி என்னும் பள்ளத்தாக்கில் 1913 சூலையில் 56.7 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. ஆதலின் குளிர்காலமே பயணத்திற்கு உகந்தது.

மகன் வகுத்த திட்டத்தில் எட்டு இடங்கள் இருந்தன. நாங்கள் அவற்றை மூன்றாகக் குறைத்தோம். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மாசியிலும் அங்குப் பனி பொழியும். எனவே அதனை விடுத்தோம். குவார்ட்சைட், ஜோசுவா ட்ரீ, டெத் வேலி ஆகியவை எஞ்சின.

எங்களுள் ஒருவருக்கு நாள்தோறும் இன்சுலின் வேண்டும். உறைந்த இன்சுலின் பயன்படாது. ஜோசுவா ட்ரீயில் பகல் இதமாயினும் இரவு உறைநிலையைத் தொடும். ஆதலின் மருந்தை வைக்கும் இடமே எங்கள் பட்டியலின் முதல் வரி. அடுத்தது நீர். அப்பூங்காவில் முகாமிடங்கள் பெரும்பாலானவற்றில் குடிநீர் இல்லை. ஊர்தியின் தொட்டி கொள்வது 150 லிட்டர். ஒருவர் குடிப்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஒதுக்கினால் நால்வருக்கு 16 லிட்டர். சமையலும் கழுவலும் எஞ்சியதில் நடைபெற வேண்டும். கழிவுநீரையும் மண்ணில் கொட்டலாகாது. அதற்கென அமைந்த இடத்திலேயே வெளியேற்ற வேண்டும்.

குவார்ட்சைட்டைத் தேர்ந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. 1856இல் அமெரிக்கப் படையினர் பாலைநிலத்தில் சுமை கொண்டுசெல்ல ஒட்டகங்களை வரவழைத்தனர். அவற்றோடு உதுமானியப் பேரரசிலிருந்து வந்தவர் ஹாஜி அலி. அவர் பெயரை உச்சரிக்கவியலாத அந்நாட்டார் ‘ஹை ஜாலி’ என்றழைத்தனர். அம்மண்ணிலேயே 1902இல் மறைந்த அவருக்குக் குவார்ட்சைட்டில் பிரமிடு வடிவக் கல்லறை உள்ளது. அதன் உச்சியில் ஓர் ஒட்டக உருவம் நிற்கிறது. வந்த நாட்டையே தம் நாடாக்கிக்கொண்ட அம்மனிதரின் கல்லறைமுன் மகனோடு நிற்க விழைகிறோம்.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. பங்குனியில் நாங்கள் ஊர் திரும்புவோம். மகன் அங்கேயே நிலைபெற முடிவு செய்துள்ளான். தடுக்கும் எண்ணம் எங்களுக்கில்லை. ஆயினும் நால்வரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின்கீழ் உறங்கும் நாள்கள் இனி எத்தனை வாய்க்கும்? எட்டு இடங்களை மூன்றாக்கியதன் உட்பொருள் அதுவே. ஊர்தி ஓடும் நேரம் குறைந்தால், உட்கார்ந்து பேசும் நேரம் கூடும். நீரை லிட்டரில் அளந்துவிட்டோம். அந்த நேரத்தையும் அவ்வாறே அளந்து, வீணாக்காது செலவிட வேண்டும் என்பதே எங்கள் திட்டத்தின் இறுதி வரி.