பென்டிரைவின் வேகம் பார்க்கப் போன கதை

என் மனைவி காலமாவதற்கு இரண்டு வருடம் முன்பு, பேரப்பிள்ளைகள் வளர்ந்த பிறகு கேட்கட்டும் என்று சில கதைகளையும் சமையல் குறிப்புகளையும் தன் குரலில் பதிவு செய்தாள். மொத்தம் 14 ஒலிப்பதிவுகள். அவற்றைக் குடும்பப் படங்களோடு சேர்த்து ஒரு பென்டிரைவில் போட்டு, அலமாரியில் பத்திரம் என்று நினைத்து வைத்திருந்தேன். பாரீசில் இருக்கும் மகளுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டதாகவும் நினைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பவில்லை.

சென்ற மாசி மாதம் அந்தப் பென்டிரைவில் இன்னும் சில படங்களைச் சேர்த்தபோது மிகவும் மெதுவாக ஏறியது. கெட்டுப்போகிறதோ என்று சந்தேகம் வந்தது. எழுதும் வேகத்தை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று எண்ணினேன். என் பழைய மடிக்கணினியில் மாப்பிள்ளை லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் 'டிடி' என்றொரு கட்டளை உண்டு. எங்கிருந்து எடுப்பது, எங்கே எழுதுவது என்று இரண்டு விவரம் கொடுத்தால் போதும். எழுதி முடித்ததும் வினாடிக்கு இத்தனை எம்பி என்று அதுவே சொல்லும்.

'எங்கே எழுதுவது' என்ற இடத்தில்தான் நான் தவறினேன். அங்கே ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், டிரைவில் காலியாக உள்ள இடத்தில் புதிதாக ஒரு கோப்பு உண்டாகும். மற்றவை அப்படியே இருக்கும். நான் கொடுத்ததோ டிரைவின் பெயரையே: 'எஸ்டிபி'. அப்படிக் கொடுத்தால் முதல் பைட்டிலிருந்து எல்லாவற்றின் மேலும் எழுதிக்கொண்டே போகும். அலுவலக பாஷையில் சொன்னால், ஃபைலின் கடைசியில் ஒரு தாள் சேர்ப்பதற்குப் பதிலாக, முதல் பக்கத்து அட்டவணையிலிருந்து தொடங்கி வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டே போவது. ஒரு ஜிபி அளவுக்கு வெறும் சுழியங்களை எழுதச் சொல்லிவிட்டு நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. கணினி கடவுச்சொல் கேட்டது. சும்மா ஒரு கோப்பு எழுதுவதற்குக் கடவுச்சொல் எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவன், மேலதிகாரி கையெழுத்து கேட்கும் காகிதம் என்றால் இரண்டு முறை படிப்பவன், இங்கே படிக்கவில்லை.

பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி செருகினேன். திறக்கவில்லை. பக்கத்து வீட்டு விண்டோஸ் கணினியில் செருகினால், 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

இரவு பேரனிடம் போனில் சொன்னேன். "தாத்தா, அதுல இனிமே எதையும் எழுதாதீங்க. நான் சொல்றத மட்டும் செய்யுங்க" என்றான். முதலில் பென்டிரைவை அப்படியே முழுதாக இன்னொரு டிஸ்கில் ஒரே கோப்பாக நகல் எடுக்கச் செய்தான். இந்த முறை எங்கிருந்து, எங்கே என்பதை நான் வாய்விட்டுப் படிக்க, அவன் சரி சொன்ன பிறகே என்டர் தட்டினேன். பிறகு அந்த நகலின் மேல் 'ஃபோட்டோரெக்' என்ற மென்பொருளை ஓட்டினோம். கிறிஸ்டோஃப் க்ரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது, இலவசம். அட்டவணை அழிந்துபோனாலும், படம் எப்படித் தொடங்கும், ஒலிப்பதிவு எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கும். ஆனால் கோப்புகளின் பெயர் திரும்பாது. எண்களாகத்தான் வரும்.

ஒலிப்பதிவுகளில் 11 வந்தன. எது எது என்று பெயர் வைக்க ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்க வேண்டியிருந்தது. அவள் போனதிலிருந்து நான் அவற்றைக் கேட்டதேயில்லை. மூன்று நாள் ஆயிற்று.

மூன்று வரவில்லை. முதலில் ஏற்றியவை அவை. டிரைவின் ஆரம்பத்தில், நான் சுழியம் எழுதிய இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

அதன் பிறகு, சரியாக அளப்பது எப்படி என்று பேரனிடமே கற்றுக்கொண்டேன். இந்த முறை காலியான வேறொரு பென்டிரைவ். 200 எம்பி கோப்பு ஒன்றை எழுதினேன். வினாடிக்கு 900 எம்பி என்று வந்தது! யூஎஸ்பி 2 இணைப்பின் உச்ச வரம்பே வினாடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. பிறகு 900 எப்படி வரும்?

"தாத்தா, அது இன்னும் டிரைவுக்குப் போகல. நினைவகத்துல நிக்குது" என்றான். அந்த இடைநிலை நினைவகத்துக்குப் பிரெஞ்சில் 'மெமுவார் தாம்போன்' என்று பெயராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாம்போன் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் ரப்பர் ஸ்டாம்ப்! அலுவலகத்தில் டெஸ்பாட்ச் கிளார்க் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, 'அனுப்பியாயிற்று' என்பார். கடிதம் சாயங்காலம் வரை தட்டிலேயே கிடக்கும். பியூன் புக்கில் வாங்கியவர் கையெழுத்து வந்தால்தான் போய்ச் சேர்ந்ததென்று அர்த்தம். 'டிடி' கட்டளையோடு 'எஃப்டேட்டாசிங்க்' என்ற சொல்லைச் சேர்த்தால் அந்தக் கையெழுத்து வரும்வரை காத்திருந்து கணக்குச் சொல்லும். சேர்த்தேன். வினாடிக்கு 6 எம்பி. அதுதான் உண்மை. பென்டிரைவைச் சட்டென்று பிடுங்காதே, 'எஜெக்ட்' கொடுத்துவிட்டு எடு என்று சொல்வதும் இதற்காகத்தான்.

என் வயதுக்காரர்கள் யாராவது டிஸ்கின் வேகம் பார்க்க நினைத்தால், இவற்றை மனதில் வையுங்கள்.

முதலில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் சோதனை.

படிக்கும் வேகம் மட்டும் போதுமென்றால், லினக்ஸில் 'எச்டிபார்ம்' கட்டளையைச் சிறிய 'டி' குறியோடு கொடுங்கள். அது டிரைவில் எதையும் எழுதாது. இதற்கும் கடவுச்சொல் கேட்கும். ஏன் கேட்கிறது என்று தெரிந்து கொடுத்தால் பயமில்லை.

எழுதும் வேகம் வேண்டுமென்றால், டிரைவின் பெயரைக் கொடுக்காதீர்கள். டிரைவுக்குள் ஒரு புதிய கோப்பின் பெயரைக் கொடுங்கள். விண்டோஸில் 'கிரிஸ்டல் டிஸ்க்மார்க்' இதைத்தான் செய்கிறது. சோதனைக் கோப்பு ஒன்றை எழுதி, அளந்து, பிறகு அழித்துவிடும்.

சோதனைக் கோப்பு பெரியதாக இருக்கட்டும். சின்னக் கோப்பு என்றால் நினைவகத்தின் வேகத்தைத்தான் காட்டும். இரண்டு மூன்று முறை அளந்தால் போதும். பென்டிரைவ் எழுத எழுதத் தேயும் பொருள்.

மலிவு விலைக்கு வாங்கிய புது பென்டிரைவ் என்றால் இன்னும் கவனம். சிலவற்றின் மேல் 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். கொள்ளளவைத் தாண்டி எழுதினால் சத்தமில்லாமல் பழையதன் மேலேயே எழுதிவிடும். அப்படிப்பட்டதில் கோப்பாக எழுதும் சோதனையும் ஆபத்து. அதனால் வாங்கிய அன்றே, காலியாக இருக்கும்போதே 'எஃப்3' அல்லது 'எச்2டெஸ்ட்டபிள்யூ' கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

அந்தக் காலத்தில் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி அடிப்போம். ஒன்று போக வேண்டிய இடத்துக்கு, ஒன்று ஃபைலுக்கு, ஒன்று அலுவலகப் பிரதி. வெறும் ஒரு விடுப்பு விண்ணப்பத்துக்கே அவ்வளவு ஜாக்கிரதை. இப்போது அந்த 11 பதிவுகளும் மூன்று இடத்தில் இருக்கின்றன: என் கணினியில், அலமாரியில் ஒரு டிஸ்கில், பாரீசில் மகளிடம். மகள் திறந்து கேட்டுவிட்டுப் போன் செய்த பிறகுதான் நிம்மதியானேன்.

போன மூன்றில், ஒன்று வடைகறி செய்யும் விதம். இன்னொன்று அவள் பாட்டி சொன்ன நரிக் கதை. மூன்றாவது என்னவென்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.