எந்த ப்ளாக், எந்தத் தெரு?

நெய்வேலிக்காரர்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்துக்கொண்டாலும் முதலில் வரும் கேள்வி, "நீங்க எந்த ப்ளாக்?" என்பதுதான். நகரியம் எண் போட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஊர். குடியிருப்பு பதவியைப் பார்த்து ஒதுக்கப்படுவதால், முகவரியைச் சொன்னாலே அப்பாவின் வேலை பாதி தெரிந்துவிடும். நகரியத்தைத் தாண்டிச் சுற்றுக் கிராமங்களுக்குப் போனால் கேள்வி மாறும்: "எந்தத் தெரு?" இந்தக் கேள்வியின் அர்த்தத்தை இதைப் படிக்கும் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் படிப்பகத்தில் படித்த மாணவி ஒருவர் ஸ்காட்லாந்தில் முதுகலை படிக்கப் போனார். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. காலனியிலிருந்து வெளிநாடு போன முதல் பிள்ளை. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு அவரோடு சேர்ந்து நாங்களும் இரவெல்லாம் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பினோம். நாடு முழுவதற்கும் 125 இடங்கள், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. நில எடுப்பும் சாதியும் பற்றிப் படிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு உதவித்தொகை கிடையாது என்று 2022இல் விதி கொண்டுவந்துவிட்டார்கள். பொது சுகாதாரத்துக்கு மாறினார்.

அங்கே வெளிநாட்டு மாணவர்களை மலைநாட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். எடின்பரோவிலிருந்து பேருந்து, கிளென்கோ பள்ளத்தாக்கு வழியாக ஃபோர்ட் வில்லியம். கிளென்கோவில் வழிகாட்டி ஒரு கதை சொன்னாராம். 1692 பிப்ரவரியில் அரசுப் படை அங்கே மெக்டொனால்டு குடியினரின் வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்கியது. ஒருநாள் விடியுமுன் சோறு போட்டவர்களையே கொன்றது. படையை நடத்தியவர் கேம்ப்பெல் குடியைச் சேர்ந்தவர். அந்தப் பள்ளத்தாக்கின் பழைய விடுதி ஒன்றில் 'கூவி விற்பவர்களுக்கும் கேம்ப்பெல்களுக்கும் அனுமதியில்லை' என்று இன்றும் பலகை இருக்கிறது. எல்லோரும் அதைப் படம் பிடித்துச் சிரித்தார்கள். குடும்பப் பெயரை வைத்து இருந்த பகை, முந்நூறு ஆண்டுகளில் வேடிக்கைப் பலகையாகிவிட்டது.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, அதே குழுவில் இருந்த தமிழ் மாணவர் ஒருவர் நம் மாணவியிடம் பேச வந்தார். அவரும் நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர். அவ்வளவு தூரத்தில் ஊர்க்காரரைப் பார்த்ததில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். "எந்த ப்ளாக்?" என்றார். நம் மாணவி வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொன்னார். "அப்பா என்ன போஸ்ட்?" அதற்கும் ஏதோ சொன்னார். "சொந்த ஊர் எது? அங்க எந்தப் பக்கம்?" குளிருகிறது என்று சொல்லிப் பேருந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு எந்த மலையையும் பார்க்கவில்லை.

அன்று அவர் போன் செய்தபோது இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். எங்க அப்பாவ இல்லன்னு சொன்ன மாதிரி இருக்கு" என்று அழுதார்.

சட்டென்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது "நெய்வேலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்ட நாட்கள் எங்களுக்கும் உண்டு.

மறுநாள் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலை எடுத்துவைத்துக்கொண்டு அவரிடம் பேசினோம். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். வெளிநாட்டில் இருந்த காலத்தில், தான் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே அற்றுப்போயிருந்ததாக அவரே எழுதுகிறார்.

1934இல் ஏறக்குறைய முப்பது தோழர்களோடு அவர் எல்லோரா குகைகளைப் பார்க்கச் சுற்றுலா போனார். வழியில் தொல்லை வேண்டாம் என்று, தாங்கள் யார் என்பதை வெளியே சொல்லாமல் போவதாகத்தான் முடிவு. தௌலதாபாத் மலைக்கோட்டை வாசலில் இருந்த குளத்து நீரில் சிலர் முகம், கால் கழுவினார்கள். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று முதியவர் ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார், கூட்டம் கூடிவிட்டது. உள்ளே தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலரைக் கூட அனுப்பித்தான் கோட்டைக்குள் விட்டார்கள்.

அண்ணலே மறைக்க வேண்டியிருந்தது. அது கோழைத்தனமா? உண்மையைச் சொன்னால் தடி வரும் என்ற நிலையை உண்டாக்கியவர்கள்தான் அந்தப் பொய்க்குப் பொறுப்பு. சொல்வதா, யாரிடம், எப்போது சொல்வது என்பதெல்லாம் நம் முடிவு. மறைத்த பிள்ளையைக் குற்றவாளியாக்கும் பேச்சு நம் இயக்கங்களுக்குள்ளேயும் இருக்கிறது. அதை நாம் நிறுத்த வேண்டும்.

வெளிநாடு போகும் தோழர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியை வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. ஆனாலும், வீட்டுப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், சாதிப் பாகுபாடு இனப் பாகுபாடு என்ற வரையறைக்குள் வர முடியும் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் அத்தகைய மசோதாவை நிராகரித்தார். சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அங்குள்ள அம்பேத்கரியத் தோழர்களைத் தேடிப் பிடியுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

நம் மாணவி ஒரு வாரம் கழித்து அந்தத் தமிழ் மாணவருக்குச் செய்தி அனுப்பினார். நாங்கள் சொல்லி அனுப்பியதல்ல, அவர் முடிவு. "நான் சொன்ன ப்ளாக் உண்மையில்ல. எங்க வீடு காலனியில. அப்பா கான்ட்ராக்ட் தொழிலாளி. நீங்க எதுக்குக் கேட்டீங்க?"

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "சும்மாதான் கேட்டேன்."

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்லது. பலகையை மாற்றிவிடலாம். சும்மா கேட்கும் கேள்வியை யார் நிறுத்துவது?

விடுமுறைக்கு வந்தவர் படிப்பகத்தில் பிள்ளைகளுக்குப் படங்கள் காட்டினார். கிளென்கோவைப் பார்த்த ஏழாம் வகுப்புப் பையன், "நம்ம சுரங்கத்து மண்ணுமலை மாதிரியே இருக்கே" என்றான். எல்லோரும் சிரித்தோம். "அங்கயும் எந்தத் தெருன்னு கேப்பாங்களாக்கா?" என்று அடுத்துக் கேட்டான்.

"அந்த ஊர்க்காரங்க கேக்கலடா. நம்ம ஊர்க்காரங்கதான் கேட்டாங்க" என்றார் அவர்.

இதைப் படிக்கும் தலித் அல்லாத நண்பர்களே, அடுத்த முறை யாரிடமாவது சொந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றினால், ஏன் கேட்கிறோம் என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.