மண்ணியாற்றங்கரையும் துருக்கித் திரையும்



கும்பகோணத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் சாலையில், சோழபுரத்தைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் திருப்பனந்தாள் வந்துவிடும். பனையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். ஊருக்குள் பழைமையான சிவாலயம் ஒன்று உண்டு. காசிவரை கிளை பரப்பிய காசிமடத்தின் தலைமையிடமும் இவ்வூரே. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபரர், காசியில் இந்துஸ்தானி மொழியைக் கற்று, அங்கு ஆட்சி செலுத்திய முஸ்லிம் அரசரிடம் உரையாடி மடத்துக்கு இடம் பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அயல் மொழியைக் கற்றுக்கொண்டு அயலாரோடு பேசிய ஒருவரின் நினைவைப் போற்றும் ஊர் இது. ஆகவே, இங்கிருந்தபடி அயல்நாட்டுக் கதைகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

ஊரைச் சுற்றி எத்திசையில் நோக்கினும் வயல்தான். காவிரியில் பிரிந்து வரும் மண்ணியாறு இப்பகுதிக்கு நீர் தருகிறது. வடக்கே சென்றால் கொள்ளிடம். அங்கே அணைக்கரையில் 1836-ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை நிற்கிறது. அதிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குச் செல்கிறது. தெற்கே ஆடுதுறையில், 1922-இல் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையம். நீரும் நெல்லுமே இப்பகுதியின் வரலாறு என்றால் மிகையாகாது.

இத்தகைய ஊரில் துருக்கித் திரைப்படங்களுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இன்று நம் இல்லங்களில் பிள்ளைகளின் கைப்பேசிகளில் குதிரைக் குளம்பொலி கேட்கிறது. எர்துக்ருல் என்னும் துருக்கித் தொலைக்காட்சித் தொடரை உருது ஒலியிலோ ஆங்கில எழுத்துத் துணையோடோ நம் இளைஞர்கள் இரவு நெடுநேரம் பார்க்கிறார்கள். "பார்க்கலாமா, கூடாதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். தீர்ப்பு அவரவர் மனச்சான்றுக்கும் மார்க்க அறிவுக்கும் உரியது. நான் உங்கள் முன் வைக்க விரும்புவது வேறொரு கேள்வி. வாள் வீச்சைத் தவிர அந்நாட்டார் தங்கள் குடும்பத்தையும் அன்பையும் ஈமானையும் பற்றிச் சொல்லிய கதைகளில் நமக்கு என்ன இருக்கிறது?

நீரை அடைத்த அண்ணன்

தமிழ்ப் படங்களுக்குக் கோடம்பாக்கம் எப்படியோ, துருக்கிப் படங்களுக்கு இஸ்தான்புல் நகரின் யெஷில்சாம் தெரு அப்படி. 'பச்சைப் பைன் மரம்' என்பது அப்பெயரின் பொருள். 1970-களின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை அத்திரையுலகம் தயாரித்தது. பெரும்பாலானவை ஆடலும் பாடலும் அழுகையும் நிறைந்த பொழுதுபோக்குப் படங்கள். ஆனால், உலகம் துருக்கித் திரையைத் திரும்பிப் பார்க்க வைத்தது வயலைப் பற்றிய ஒரு படமே.

1963-இல் மேத்தின் எர்க்சான் இயக்கிய 'சூசுஸ் யாஸ்' என்பது அப்படம். 'நீரற்ற கோடை' என்று பொருள். நெஜாத்தி ஜுமாலியின் கதையைத் தழுவி, இஸ்மீர் பகுதியின் சிற்றூர் ஒன்றில் படமாக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி என்னும் தலையாய விருதைப் பெற்றது.

கதை எளியது. உஸ்மான், ஹசன் என இரு சகோதரர்கள். அவர்களது நிலத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. அந்நீர் வாய்க்கால் வழியே கீழே உள்ள வயல்களுக்கும் பாய்கிறது. கோடை வருகிறது. "ஊற்று என் நிலத்தில் இருக்கிறது, எனக்குப் போகத்தான் மற்றவர்க்கு" என்று மூத்தவன் உஸ்மான் நீரை அடைத்துவிடுகிறான். இளையவன் ஹசனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும் அண்ணனை எதிர்க்கத் துணிவில்லை. ஊரார் கெஞ்சுகிறார்கள், சண்டையிடுகிறார்கள். ஓரிரவு நடந்த மோதலில் உஸ்மானின் துப்பாக்கிக்கு ஒருவர் பலியாகிறார். "நீ இளையவன், உனக்குத் தண்டனை குறையும்" என்று தம்பியைப் பழி ஏற்கச் செய்கிறான் அண்ணன். தம்பி சிறை செல்கிறான். அவன் எழுதும் கடிதங்களை மனைவி பஹாரின் கண்ணில் படாமல் மறைத்து, அவன் இறந்துவிட்டதாகப் பொய்யுரைத்து, அவளையும் தனதாக்கிக்கொள்கிறான் உஸ்மான். விடுதலை பெற்றுத் திரும்பிய தம்பியோடு நடக்கும் போராட்டத்தில், அவன் அடைத்து வைத்த அதே நீரில் மூழ்கி மடிகிறான். திறந்துவிடப்பட்ட நீர் அவனது உடலைச் சுமந்தபடி கீழ் வயல்களை நோக்கி ஓடுகிறது.

முதலில் மடையை அடைத்தான். பிறகு உண்மையை அடைத்தான். பிறகு தம்பியின் வாழ்வையே அடைத்தான். நீரில் தொடங்கிய பேராசை எங்கே போய் முடிகிறது பாருங்கள்! படத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தகாத காட்சிகள் சில உண்டு என்பதையும் சொல்லிவிடுவது என் கடமை. ஆனால், கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தடையேதும் இல்லை.

கணுக்கால் அளவு நீதி

உஸ்மான் செய்தது மார்க்கத்துக்குப் புதிய வழக்கு அன்று. மதீனாவில் ஹர்ரா என்னும் கல்நிலத்து ஓடையைப் பற்றி, ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. மேட்டில் இருப்பவர் முதலில் பாய்ச்சிக்கொண்டு, பின்பு அண்டை வீட்டாருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்பதே அண்ணலாரின் முதல் தீர்ப்பு. மேல் நிலத்தார் கணுக்கால் அளவு நீரைத் தேக்கிக்கொண்டு, எஞ்சியதைக் கீழே விட்டுவிட வேண்டும் என்று இன்னோர் ஓடை குறித்தும் அறிவிப்பு வந்துள்ளது. தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பதும் அண்ணலாரின் போதனையே.

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பில் இந்தப் பங்காளி உரிமை சட்ட விதியாகவே இடம்பெற்றது. அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் ஹனஃபி ஃபிக்ஹை அடிப்படையாகக் கொண்டு தொகுக்கப்பட்ட நூல் அது. தன் நிலத்து ஊற்றில் உடையவனுக்கு முதல் உரிமை உண்டு என்பதை ஃபுகஹாக்கள் மறுக்கவில்லை. ஆயினும் மனிதரின் தாகத்துக்கும் கால்நடையின் தாகத்துக்கும் நீரை மறுக்கும் உரிமை அவனுக்கு இல்லை என்றார்கள். முதல் உரிமை வேறு, முழு உரிமை வேறு. இந்த வேறுபாட்டை மறந்தவனே திரையில் வரும் உஸ்மான்.

இப்போது நம் வாய்க்காலுக்கு வருவோம். காவிரிப் படுகையில் 'தலைமடை', 'கடைமடை' என்ற இரு சொற்களை அறியாத பிள்ளை இராது. மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது முதல் ஜூன் 12-ஆம் நாளை உழவர்கள் எதிர்பார்த்திருப்பது மரபு. அன்று மதகு திறந்தால் குறுவை. இல்லையேல் சம்பாவை நம்பிக் காத்திருக்க வேண்டும். 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் 177.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும் என்றது. ஆயினும் 2023-இல் ஜூன் 12 அன்றே மேட்டூர் திறக்கப்பட்டும், நீர் போதாமல் அக்டோபரில் மூடப்பட்டது. கடைமடைப் பயிர் வாடியது. 2024-இல் ஜூலை இறுதியில்தான் அணை திறந்தது.

இவற்றை எண்ணும்போது, 'சூசுஸ் யாஸ்' படத்து உஸ்மானை நாம் வேறு மாநிலத்தில் தேடுகிறோம். தேடலாம், உரிமையைக் கேட்பதும் கடமையே. ஆனால், திருப்பனந்தாள் ஒன்றை நமக்குக் காட்டித் தருகிறது. இவ்வூர் தலைமடையும் அன்று, கடைமடையும் அன்று. மேற்கே திரும்பி நோக்கினால் நாம் கடைமடைக்காரர்கள். கிழக்கே சீர்காழிப் பக்கத்திலிருந்து நோக்குவோர்க்கோ நாமே தலைமடைக்காரர்கள்! மேலே இருப்பவர் நமக்கு நீர் விடவில்லை என்று குமுறும் நாம், நம் வயல் நிறைந்த பின்னும் இரவோடிரவாக மடையைப் பெயர்த்து இன்னும் கொஞ்சம் பாய்ச்சிக்கொள்வது உண்டா இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நெற்பயிருக்கும் கணுக்காலுக்கு மேல் நீர் வேண்டியதில்லை என்பதை உழவர் நன்கறிவர். வேண்டுவது நம் அச்சத்துக்கும் ஆசைக்கும்தான்.

பெருநாளன்று மறைந்த பிள்ளை

'சூசுஸ் யாஸ்' படத்தில் பஹாராக நடித்த இளம்பெண் ஹுல்யா கோச்யீத். பத்தாண்டுகளுக்குப் பின், 1973-இல் லுத்ஃபி அக்காத் இயக்கிய 'கெலின்' என்னும் படத்தில் அவரே தாயாக நடித்தார். 'மருமகள்' என்பது அத்தலைப்பின் பொருள். யோஸ்காத் என்னும் உள்நாட்டுப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி இஸ்தான்புல் வந்த கூட்டுக் குடும்பம். மாமனார் கடை வைத்து முன்னேறத் துடிக்கிறார். மருமகள் மர்யமின் சிறு மகனுக்கு இதய நோய். அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும். மாமனாருக்கோ புதிய கடை வேண்டும். "பிள்ளைக்கு ஒன்றுமில்லை, தானே சரியாகிவிடும்" என்று நாள் கடத்துகிறார்கள். ஹஜ்ஜுப் பெருநாளன்று, குர்பானிக் கொண்டாட்டத்துக்கு நடுவே பிள்ளை இறந்துபோகிறான்.

இறைவன் இப்ராஹீம் (அலை) அவர்களிடம் மகனைக் கேட்டுச் சோதித்தான். பின் மகனை மீட்டு ஆட்டைத் தந்தான். அக்குடும்பத்தாரோ ஆட்டையும் அறுத்தார்கள், பிள்ளையையும் கடைக்குப் பலியாக்கினார்கள். தொழுகையும் பெருநாளும் குறைவின்றி நடக்கும் வீட்டிலேயே இக்கொடுமை நடக்கிறது என்பதுதான் நெஞ்சைச் சுடுகிறது. மர்யம் அவ்வீட்டை விட்டு வெளியேறித் தொழிற்சாலைக்கு வேலைக்குச் செல்கிறாள். இறுதியில் அவளுடைய கணவனும் அவள் பக்கம் வந்து நிற்கிறான்.

இப்படுகையின் இல்லங்களை நினைத்துப் பாருங்கள். நீர் பொய்த்த ஆண்டுகளில் எத்தனை இளைஞர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் புறப்பட்டார்கள்! எங்கள் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளில் பலருக்கு அத்தா என்பவர் தொலைபேசிக் குரல். அந்தப் பணத்தில் வீடு எழும்புகிறது, மாடி எழும்புகிறது. நல்லதே. ஆனால், மருமகளின் மருத்துவமா, மாடிக் கட்டடமா என்ற கேள்வி எழும்போது முடிவு யார் கையில் இருக்கிறது? அவளது குரல் அந்தச் சபையில் கேட்கப்படுகிறதா? இதை ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அன்பைப் பற்றியும் ஒரு சொல். 1970-களின் பிற்பகுதியில் அத்தஃப் யில்மாஸ் இயக்கிய 'செல்வி பொய்லும் அல் யஸ்மாலும்' துருக்கியர் பெரிதும் நேசிக்கும் படம். கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதையைத் தழுவியது. காதலித்து மணந்த கணவன் கைவிட்ட ஆஸ்யாவையும் அவள் மகனையும், சாலைப் பணியாளர் ஒருவர் காத்து வளர்க்கிறார். பிற்காலத்தில் பழைய கணவன் திரும்பி வரும்போது அவள் யாரைத் தேர்வது? உழைத்து வளர்த்த அன்பையே அவள் தேர்ந்தெடுக்கிறாள். அன்பு என்பது உள்ளக் கிளர்ச்சி மட்டுமன்று, நாள்தோறும் செய்யும் பராமரிப்பு என்கிறது அக்கதை.

தக்வாவின் சோதனை

2006-இல் வெளிவந்த 'தக்வா' என்னும் படத்தைப் பள்ளிவாசல் பொறுப்பிலும் வக்ஃபு நிர்வாகத்திலும் இருப்போர் அறிந்திருத்தல் நலம். முஹர்ரம் என்னும் எளிய மனிதர், சாக்குக் கடையில் பணியாற்றுபவர், இறையச்சம் மிக்கவர். அவருடைய நேர்மையைக் கண்ட தரீக்காவின் பெரியவர், தங்கள் சொத்துகளுக்கு வாடகை வசூலிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கிறார். புதிய உடை வருகிறது, கைக்கடிகாரம் வருகிறது, கார் வருகிறது. பணத்தின் கணக்கும் பாவத்தின் கணக்கும் அவருள் மோதுகின்றன. இறுதியில் மனமே நிலைகுலைந்துவிடுகிறது. மார்க்கத்தைப் பழிப்பதற்கு எடுத்த படமாக அதை நான் கருதவில்லை. அமானிதம் எத்துணைப் பாரமானது என்பதை எடுத்துரைக்கும் படமாகவே கருதுகிறேன். மடத்து நிலங்களும் கோயில் நிலங்களும் வக்ஃபு நிலங்களும் அருகருகே கிடக்கும் இப்படுகையில், அந்தப் பாரம் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவன்றோ?

கதை வேறு, வரலாறு வேறு

இனி நம் பிள்ளைகளின் எர்துக்ருலுக்கு வருவோம். 2014 டிசம்பரில் தொடங்கி 2019 மே வரை துருக்கி அரசுத் தொலைக்காட்சியில் ஐந்து பருவங்களாக ஒளிபரப்பான தொடர் அது. 2020 ரமலானில் பாகிஸ்தான் தொலைக்காட்சி உருது ஒலியில் ஒளிபரப்பிய பிறகு நம் நாட்டு இளைஞரிடமும் பரவியது. வீரத்தையும் தாய்மையையும் பெரியோரை மதிப்பதையும் அழகாகச் சொல்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், மெய்யான எர்துக்ருலைப் பற்றி வரலாறு அறிந்திருப்பது மிகக் குறைவு. அவர் உஸ்மானின் தந்தை என்பதற்கு உஸ்மானின் நாணயம் ஒன்று சான்று. மற்றச் செய்திகளில் பெரும்பகுதி நெடுங்காலத்துக்குப் பின் எழுதப்பட்ட மரபுக் கதைகள். தொடரின் உரையாடல்களும் சூழ்ச்சிகளும் கதாசிரியரின் கற்பனை. இதைச் சொல்லிக் கொடுத்துப் பார்க்கவிட்டால் தீங்கில்லை. சொல்லாமல் விட்டால் பிள்ளை கற்பனையைச் சான்றாகக் கொண்டு அடுத்த வீட்டுக்காரரிடம் வாதாடும்.

துருக்கிக்கும் நமக்கும் உள்ள மெய்யான உறவோ வரலாற்றில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. 1912-இல் பால்கன் போரில் காயமுற்ற துருக்கியர்க்கு மருத்துவம் செய்ய டாக்டர் எம்.ஏ. அன்சாரி இந்தியாவிலிருந்து குழு அழைத்துச் சென்றார். கிலாஃபத் இயக்கத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் தோளோடு தோள் நின்றனர். அதே அன்சாரியின் அழைப்பை ஏற்று 1935-இல் துருக்கி எழுத்தாளர் ஹாலிதா எதிப் அம்மையார் தில்லிக்கு வந்து ஜாமியா மில்லியாவில் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் எழுதிய புதினத்தைத்தான் லுத்ஃபி அக்காத் 1949-இல் தம் முதல் படமாக எடுத்தார். சிற்றூருக்குக் கல்வி கற்பிக்க வந்த இளம் ஆசிரியை ஒருத்தியை, மார்க்கத்தின் பெயரால் தூண்டிவிடப்பட்ட கூட்டம் கொன்றுவிடுகிறது என்பது அதன் கதை. கற்பிக்கும் தொழிலில் உள்ள எனக்கு அக்கதை, மேடையில் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு உண்டு என்பதை உணர்த்துகிறது.

வாசகப் பெருமக்களே! இப்பக்கம் வர வாய்ப்புக் கிடைத்தால் அணைக்கரைப் பாலத்தில் சற்று நின்று பாருங்கள். கொள்ளிடத்து நீர் மதகுகளின் வழியே பிரிந்து, தன்னைக் காணாத ஊர்களையும் தேடிச் செல்வதைக் காண்பீர்கள். வரும் விடுமுறையில் பிள்ளைகள் எர்துக்ருலின் வாளைப் பற்றிப் பேசும்போது, அதே நாட்டில் ஊற்றை அடைத்த உஸ்மானின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பிறகு நம் வாய்க்காலுக்குக் கீழே யாருடைய வயல் இருக்கிறது என்று கேளுங்கள். அவரது பெயர் பிள்ளைக்குத் தெரியாவிட்டால், மறுநாளே அழைத்துச் சென்று அறிமுகம் செய்து வையுங்கள்.