அதே ஆள், வேறு சின்னம்



சுயேச்சை என்றாலே டெபாசிட் இழப்பவர் என்று சிரிக்கிறோம். நம்ம ஆம்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

2016இல் இரட்டை இலையில் ஜெயித்தவர் ஆர். பாலசுப்பிரமணி. பிறகு தினகரன் பக்கம் போனார். 2017 செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் பதவி பறித்த 18 பேரில் அவரும் ஒருவர். 2019 ஏப்ரல் இடைத்தேர்தலில் மறுபடி நின்றார். அமமுக அப்போது பதிவாகாத கட்சி. ஆகவே ஆணையத்தின் கணக்கில் அவர் சுயேச்சை. சின்னம் பரிசுப் பெட்டி. திமுகவின் வில்வநாதன் வென்றார்.

அதே ஆள், அதே ஊர். ஆனால் இந்த முறை அம்மாவும் இல்லை, இலையும் இல்லை.

அமெரிக்காவில் வேட்பாளர் யார் என்பதற்கே மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். இங்கே தலைமை கைகாட்டுபவர்தான் வேட்பாளர். அதனால் தலைமையோடு மோதினால் பதவியும் சின்னமும் சேர்ந்தே போகின்றன.

அவர் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. 20 மாதம் நம் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லையே, அதுதான் வருத்தம். பாலாற்றுக்காக, தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைப்பவர்களுக்காக நம் ஊர்ப் பெயர் சொல்லிச் சட்டமன்றத்தில் எழுந்து நிற்க ஆளில்லை. சண்டை அவர்களுக்குள், நஷ்டம் நமக்கு.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "நாளைக்கு உங்க தலைமையோட தகராறு வந்தா, எங்களுக்காக யார் பேசுவாங்க?"