ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் பயந்துவிடாதீர்கள்

மூட்டு வலி என்றதும் லேபுக்குப் போய் நீங்களாகவே ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் நாத்தனாரோடு நான்கு வருடம் ஆஸ்பத்திரிக்கு நடந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு மாணவிக்கு 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ், 1:80' என்று வந்தது. கூகுளில் தேடி, லூபஸ் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லையாம்.

எட்டாம் வகுப்பில் செல் படம் வரைந்து பாகம் குறித்தீர்களே, நடுவில் உட்கரு? அந்த உட்கருவையே எதிரியாக நினைத்து நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்தான் ஏ.என்.ஏ. 1:80 என்றால் ரத்தத்தின் சீரத்தை 80 மடங்கு நீர்த்த பிறகும் அது தென்படுகிறது என்று பொருள். 1997இல் 15 ஆய்வகங்கள் சேர்ந்து பார்த்ததில், ஆரோக்கியமானவர்களிலேயே 100க்கு 13 பேருக்கு இந்த அளவில் இருந்தது. தைராய்டு கோளாறு இருந்தாலும் வரலாம்.

சோதனை வீண் என்று சொல்லவில்லை. லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏ.என்.ஏ. இருக்கும். ஆனால் வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், மூட்டு வீக்கம் உண்டா என்று டாக்டர் கேட்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்; சிறுநீரகம் வலியில்லாமலே கெடும். நம் பெண்ணுக்கு அதெல்லாம் சரியாக இருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்வதால் வந்த வலி என்றார் டாக்டர்.

நாத்தனார் கதை தலைகீழ். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ். 'வாதம் இல்லை' என்று லேபிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். (சொல்ல அவர்கள் யார்?) காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்காது, ஜாக்கெட் கொக்கி போட மகளைக் கூப்பிடுவார். ஏழு மாதம் இப்படியே போனது. சென்னை அரசுப் பொது மருத்துவமனை மூட்டுவாதப் பிரிவில் டாக்டர் முதலில் செய்தது, விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்ததுதான். பிறகுதான் ஆன்டி சி.சி.பி. எழுதினார்; அது பாசிட்டிவ். இரண்டுமே நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் உள்ளவர்கள் உண்டு என்றார். இப்போது கொக்கியை அவரே போடுகிறார். வளைந்த இரண்டு விரல்கள் மட்டும் நிமிரவில்லை.

ஆகவே ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பாதீர்கள். எந்த விரல், காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சோழவரத்திலிருந்து செங்குன்றம் போய் பஸ் மாறி, சென்ட்ரல் எதிரே இறங்குங்கள். ஓ.பி. சீட்டு காலையில்தான்.