ஃபெரிச்சேயில் மூன்று மணி கிளாஸ்!

எவரெஸ்ட் பேஸ் கேம்ப்புக்கு நடக்கிற வழியில் வருகிற நேபாள ஊர் ஃபெரிச்சே. உயரம் சுமார் 4,240 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவைவிட 1,600 மீட்டர் மேலே! லுக்லாவில் விமானம் இறங்கி, ஐந்தாறு நாள் நடக்கணும். ரோடு கிடையாது. யாக் மாடுகளுக்கான கல் சுவர்கள், மதியமானால் ஆளைத் தள்ளுகிற காற்று, சில லாட்ஜ்கள், ஒரு குட்டி ஆஸ்பத்திரி. நடத்துவது 1973-ல் தொடங்கிய ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன்.

சீஸனில் தினமும் 3 மணிக்கு அங்கே மலைநோய் பற்றி கிளாஸ். நம்ம காலேஜ் மாதிரி யாரும் தூங்குவதில்லை. பாதிப் பேருக்கு ஏற்கெனவே தலைவலி!

ஒருத்தர் இருமுகிறார், மூச்சு வாங்குகிறது. வெறும் சளியா, நுரையீரலில் நீர் கோத்திருக்கா? நீர் என்றால் உடனே கீழே இறங்கியாகணும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. மேகம் மூடினால் ஹெலிகாப்டரும் வராது. இங்கேதான் கையில் தூக்கிப் போகிற அல்ட்ராசவுண்ட் வருது.

அல்ட்ராசவுண்டுக்குக் காற்று ஆகவே ஆகாது. நல்ல நுரையீரல் முழுக்கக் காற்று, அதனால் உள்ளே எதுவும் தெரியாது. நீர் கோத்தால் மட்டும் வால்நட்சத்திரம் மாதிரி வெள்ளைக் கோடுகள் திரையில் மேலிருந்து கீழே இறங்கும். ஃபெரிச்சேயிலேயே 11 நோயாளிகளிடம் இதைப் பார்த்து, 2007-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். உடம்பு தேறத் தேற கோடுகளும் குறைந்தன.

பாறையில் விழுந்தவருக்கும் இதே மெஷின்தான். மூச்சு விடும்போது நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு உரசி நகரும். அந்த நகர்வு தெரியவில்லை என்றால், இடையில் காற்று புகுந்திருக்குமோ என்று டாக்டர் உஷாராகிவிடுவார். எலும்பு உடைந்திருந்தால், அதன் மேல்கோட்டில் படிக்கட்டு மாதிரி ஒரு முறிவு தெரியும்.

முன்பெல்லாம் புரோப்புக்குள் படிகங்கள்தான். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய பட்டர்ஃபிளை ஐக்யூ, அந்த வேலையை ஒரு சிலிக்கான் சிப்பில் அடக்கி, போனில் செருகவிட்டது. ஈ.சி.இ. பசங்க காலரைத் தூக்கிக்கலாம்! ஆனா குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துடும். ஜாக்கெட்டுக்குள் வைத்துக் காப்பாத்தணும்.

இந்தியாவில் இதை இஷ்டத்துக்குப் பையில் போட்டு மலையேற முடியாது. கருவில் ஆணா, பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டம் மெஷினுக்குப் பதிவு கேட்கும். காரணம் நியாயமானது. ஆனாலும், மலை மீட்புக் குழுக்களுக்கு எளிதான வழி ஒன்று இருந்தால் தேவலை என்றுதான் எனக்குத் தோணுது.

ஸ்கேன் கண்டுபிடிக்கும், குணமாக்காது. ஆக்ஸிஜன் கொடுக்கணும், இறங்கணும். இறங்க முடியாத ராத்திரியில், ஆளைக் காற்றுப் பைக்குள் படுக்கவைத்து, இன்னொருத்தர் காலால் பம்ப் அடித்துக்கொண்டே இருக்கணும். அதுக்கு இன்னும் சிப் வரலை பாஸ்!