சும்மா இருக்க ஓர் ஏரி!

வெளிநாடு போனா ஒரே நாள்ல பத்து இடம் பார்த்து, பத்து இடத்துலயும் போட்டோ எடுத்தே ஆகணும்னு நினைக்கிறவரா நீங்க? அப்படின்னா ஆன்சி உங்களுக்கான ஊர் இல்லை பாஸ்! பிரான்ஸின் கிழக்கே, ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஏரிக்கரை ஊருக்குக் கோடையில் வருபவர்கள் செய்யும் ஒரே உருப்படியான வேலை... சும்மா இருப்பது!

கிரெனோபிள் நகரத்தில் ஒரு லேபில் இரண்டு மாசம் ப்ராஜெக்ட். அங்கிருந்து ஆன்சிக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு ஜூலை மாச ஞாயிற்றுக்கிழமை, ஆன்சியிலேயே பிறந்து வளர்ந்த லேப் சீனியருடன் கிளம்பிட்டேன்.

ஸ்டேஷனில் இருந்து பொடிநடையாகப் போனால் பழைய டவுன். அதன் நடுவே தியூ ஆறு. ஏரியில் இருந்து புறப்பட்டு, நாலு கிலோமீட்டர்கூட ஓடாமல் இன்னொரு ஆற்றில் கலந்துவிடும் குட்டிப் பயல்! ஆற்றுக்குள் கப்பல் மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு பழைய கல் கட்டடம் நிற்கிறது. ஒரு காலத்தில் ஜெயிலாம். இப்போது மியூசியம்.

ஞாயிறு காலையில் இந்தத் தெருக்களில் சந்தை கூடும். கை நீளத்துக்கு ஒரு பிரெட், ரெப்லோஷோன் என்கிற இந்த வட்டாரத்து சீஸ், ஒரு பை நிறைய பீச் பழம் வாங்கினோம். மதியச் சாப்பாடு ரெடி! கரையோர ஓட்டல்களின் மெனு கார்டெல்லாம் ஸ்டைபெண்டு ஆசாமிகளுக்குச் சரிப்பட்டு வராது.

சந்தையைத் தாண்டினால் பூங்கா. பூங்காவை ஒட்டி 'காதலர் பாலம்'. இதன் மேல் நின்று முத்தம் கொடுத்துக்கொள்ளும் ஜோடி பிரியவே பிரியாதாம். நானும் சீனியரும் வேகமாக நடந்து கடந்துட்டோம்!

அப்புறம் வாடகை சைக்கிள். ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சுமார் 40 கிலோமீட்டர். மேற்குக் கரையில் ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதையைத்தான் இப்போது சைக்கிள் பாதையாக்கி இருக்கிறார்கள். ரயில் பாதை என்பதால் பெரிய ஏற்றமே கிடையாது. துவான் என்ற கிராமத்தில் பழைய ரயில் சுரங்கத்துக்குள்ளேயே சைக்கிள் விடலாம். வெளியே சுள்ளுனு வெயில், உள்ளே ஏ.சி. போட்ட மாதிரி ஜில்! சுரங்கம் தாண்டி நிமிர்ந்து பார்த்தால் மலை உச்சியில் இருந்து கலர் கலராகப் பாராகிளைடர்கள் மிதந்து இறங்குகின்றன.

திரும்பி வந்து தண்ணீரில் குதித்தோம். கழுத்தளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால் விரலை எண்ணலாம். கரையில் ஒரு பாட்டி நாவல் படிக்கிறார். ஒரு குடும்பம் மொத்தமும் குப்புறப் படுத்துத் தூங்குகிறது. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

"இந்த ஊர்ல குழாய்ல வர்றதும் இந்த ஏரித் தண்ணிதான்" என்றார் சீனியர். "ஆனா எங்க தாத்தா காலத்துல இது செத்துட்டிருந்த ஏரி."

நான் சிவில் இன்ஜினீயரிங். காதைத் தீட்டிக்கொண்டேன்.

கரையோர ஊர்கள் வளர வளர, சாக்கடை எல்லாம் ஏரிக்குள்தான் போயிருக்கிறது. அதில் இருக்கும் பாஸ்பரஸ், பாசிக்கு விருந்துச் சாப்பாடு. பாசி பெருகி, செத்து, அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும். மீன் மூச்சுத் திணறும். போல் செர்வெட்டாஸ் என்ற டாக்டர் 1940-களிலேயே 'ஏரி போயிடும்'னு எச்சரித்திருக்கிறார். 1957-ல் கரையோர ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கின. ஏரியைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலை 1960-களில் ஆரம்பித்தது.

இதில் சூப்பர் விஷயம் என்னன்னா, சுத்திகரித்த தண்ணீரைக்கூட அவர்கள் ஏரிக்குள் விடுவதில்லை. குழாய் அத்தனையையும் ஏரிக்கு வெளியே இருக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே சுத்தமாகி, ஆற்றில் கலந்து, கீழ்ப்பக்கமாகப் போய்விடுகிறது. 27 சதுர கிலோமீட்டர் ஏரி, சில இடத்தில் 82 மீட்டர் ஆழம். அத்தனையையும் காப்பாற்றியது யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு குழாய்!

பாலம் கட்டினால் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கலாம். சாக்கடைக் குழாய் பக்கத்தில் யார் நிற்பார்கள்? ஆனால் அந்தப் பாட்டி நாவல் படிப்பதும், அந்தக் குடும்பம் குறட்டை விடுவதும் அந்தக் குழாயின் தயவில்தான். நாம சும்மா இருக்கணும்னா, யாரோ ஒருத்தர் சும்மா இல்லாம இருந்திருக்கணும்!

இரவு ஒன்பது மணிக்குத்தான் சூரியன் கிளம்பினான். அதுவரை பீச் பழம் தின்றுகொண்டு, காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தோம்.

கடைசியா ஒரு விஷயம். எங்கள் டிபார்ட்மென்ட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு ஒரு எலெக்டிவ் பேப்பர். செல்லப் பெயர் 'சாக்கடை பேப்பர்'. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எலெக்டிவ்களுக்கு அடிதடி நடக்கும்போது, இது மட்டும் வருஷா வருஷம் காத்தாடும். ஊர் திரும்பியதும் முதல் வேலையா அதுக்குப் பேர் கொடுத்துட்டேன். பத்துப் பேர் சேர்ந்தால்தான் கிளாஸ் நடக்குமாம். இதுவரை நாலு பேர்.

சிவில் மக்களே... இன்னும் ஆறு பேர் வேணும், வர்றீங்களா?